கால் மரத்துப்போகிறதா? முதலில் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்

காலை மடித்துப் போட்டுக்கொண்டு புத்தகம் படித்துக்கொண்டிருந்தேன். அழைப்பு மணி அடித்தது. சட்டென்று எழுந்தவன் அப்படியே சரிந்து சுவரைப் பிடித்துக்கொண்டேன். வலது கால் என்னுடையதாகவே இல்லை. முழங்காலுக்குக் கீழே யாரோ மரக்கட்டையைக் கட்டிவிட்ட மாதிரி இருந்தது. பாதத்தைத் தூக்கினால் தூக்க வரவில்லை, ஊன்றினால் தரை தெரியவில்லை. அரை நிமிடத்தில் சுருக் சுருக்கென்று ஊசி குத்த ஆரம்பித்தது. இரண்டு நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிட்டது. மணி அடித்தவர்தான் காத்திருக்காமல் போய்விட்டார்.

‘ரத்த ஓட்டம் நின்னுபோச்சு’ என்றுதான் இதற்கு எல்லோரும் காரணம் சொல்கிறோம். அதில் பாதிதான் உண்மை. காலுக்கு வரும் ரத்தம் முழுக்க நின்றிருந்தால் கால் வெளுத்து, சில்லிட்டு, தாங்க முடியாத வலி எடுத்திருக்கும். இங்கே நடந்தது வேறு. முழங்காலின் வெளிப்பக்கம், மூட்டுக்குச் சற்றுக் கீழே தடவிப் பாருங்கள். தோலுக்கு அடியில் குமிழ் மாதிரி ஓர் எலும்பு தட்டுப்படும். அந்த எலும்பின் கழுத்தைச் சுற்றிக்கொண்டு ஒரு நரம்பு போகிறது. மேலே சதை மெத்தை ஒன்றும் கிடையாது, தோல்தான் போர்வை. காலை மடக்கியோ கால்மேல் கால் போட்டோ உட்காரும்போது பெரும்பாலும் மாட்டிக்கொள்வது இதுதான். நரம்பு நசுங்கும்போது அதற்கு உணவூட்டும் நூலிழை போன்ற ரத்தக்குழாய்களும் நசுங்குகின்றன. பிராணவாயு கிடைக்காத நரம்பு செய்தியைக் கடத்துவதை நிறுத்திவிடும். அழுத்தம் விலகியதும் ஒரேயடியாகச் சரியாகாது, யாரும் தொடாமலேயே தாறுமாறாகச் செய்தி அனுப்பும். அந்தக் கூச்சல்தான் நமக்கு ஊசி குத்தலாகத் தெரிகிறது.

இந்த இடத்தில் ஒரு சொல் குழப்பத்தையும் தீர்த்துக்கொள்வோம். புறங்கையில் நீலமாகப் புடைத்துத் தெரிவதையும் நரம்பு என்கிறோம், கெண்டைக்காலில் சுருண்டு கிடப்பதையும் ‘நரம்பு சுருட்டல்’ என்கிறோம். இரண்டும் நரம்பே அல்ல, ரத்தக்குழாய்கள். உணர்ச்சியைக் கொண்டுபோகும் நிஜமான நரம்பு வெளியே தெரியாது. அது ஒயர் மாதிரி: உள்ளே செய்தி போகும் இழை, மேலே காப்புறை. உறை மட்டும் நசுங்கினால் சீக்கிரம் தேறும். உள்ளே இருக்கும் இழையே அறுந்தால் மெதுவாகத்தான் வளரும். மெதுவாக என்றால் எவ்வளவு என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

உட்கார்ந்து எழுந்து சில நிமிடத்தில் சரியாகும் மரமரப்புக்கு வைத்தியம் எதுவும் வேண்டாம். எழுந்ததும் நடக்கப் பார்க்காமல் ஒரு நிமிடம் பொறுத்தால் விழாமல் தப்பிக்கலாம், அவ்வளவுதான். காரணம் தேட வேண்டியது, அழுத்தம் எதுவும் இல்லாமலேயே வருவதற்கும், வந்தது போகாமல் நிற்பதற்கும், திரும்பத் திரும்ப அதே இடத்தில் வருவதற்கும்தான்.

‘மரத்துப்போகுது டாக்டர்’ என்றால் அவர் உடனே திருப்பிக் கேட்பார்: மரத்துப்போகுதுன்னா எப்படி? அந்த ஒரு சொல்லுக்குள் நாம் ஏழெட்டுச் சங்கதிகளை அடைத்து வைத்திருக்கிறோம். தொட்டால் தெரியவில்லையா, எறும்பு ஊர்கிறதா, எரிகிறதா, பஞ்சின்மேல் நடக்கிற மாதிரி இருக்கிறதா, காலைத் தூக்க முடியவில்லையா? ஒவ்வொன்றும் வேறு. எரிச்சலும் சூடு குளிர் தெரியாமல் போவதும் மெல்லிய நரம்பிழைகளின் கோளாறு. பஞ்சின்மேல் நடப்பதும் தள்ளாடுவதும் தடித்த இழைகளின் கோளாறு. தூக்க முடியாமை தசையை இயக்கும் இழைகளின் கோளாறு. கடைசியில் சொன்னதை மட்டும் மரத்துப்போச்சு என்ற சொல்லுக்குள் ஒளித்து வைக்காதீர்கள். பலம் குறைந்திருக்கிறது என்றால் அதைத் தனியாக, முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அதைவிட முக்கியம் இடம். ஒவ்வொரு நரம்புக்கும் தோலில் அதற்கென்று ஒரு நிலம் உண்டு, பட்டா போட்டுக் கொடுத்த மாதிரி. எந்த நிலம் மரத்திருக்கிறது என்று தெரிந்தால் எந்த நரம்பு, அது எங்கே மாட்டியிருக்கிறது என்பது பாதி தெரிந்துவிடும். என்னைக் கேட்டால், மருத்துவரிடம் போவதற்கு முன்னால் ஒரு பேனாவை எடுத்து, பஞ்சால் தொட்டுத் தொட்டுப் பார்த்து, உணர்வு எங்கே மாறுகிறதோ அங்கே தோலிலேயே கோடு போட்டுக்கொண்டு போங்கள். அசட்டுத்தனமாகத் தோன்றும். ‘கால் பூரா’ என்று சொல்வதைவிட அந்தக் கோடு பத்து மடங்கு பயன்படும்.

ஒரு காலில் மட்டும் என்றால்

தொடையின் வெளிப்பக்கம், பேன்ட் பாக்கெட்டுக்குள் கை விட்டால் தொடும் இடம், உள்ளங்கை அளவுக்கு மரத்து எரிகிறதா? இடுப்பு எலும்பின் முன்பக்கம் ஒரு தோல் நரம்பு குறுகலான சந்து வழியே தொடைக்கு இறங்குகிறது. இறுக்கமான பெல்ட், தொப்பை, கர்ப்ப காலம் எல்லாம் அதை அழுத்தும். இது தசைக்குப் போகாத நரம்பு என்பதால் பலம் குறையவே குறையாது. பெல்ட்டைத் தளர்த்தி, எடையைக் குறைத்தாலே பெரும்பாலும் போய்விடும். பக்கவாதம் வரப்போகிறது என்று பயந்துகொண்டு வருபவர்களில் சிலருக்குக் கடைசியில் இதுதான் இருக்கும்.

பாதத்தின் மேற்புறம் மரத்து, நடக்கும்போது முன்பாதம் தரையில் இழுபடுகிறது என்றால், நான் முதலில் சொன்ன அதே முழங்கால் நரம்பாக இருக்கலாம். மணிக்கணக்கில் காலை மடக்கி வேலை செய்பவர்கள், மாவுக்கட்டு இறுக்கமாகப் போடப்பட்டவர்கள், சீக்கிரத்தில் நிறைய எடை இழந்தவர்கள் ஆகியோருக்கு இது வரும். ஆனால் இடுப்பில் டிஸ்க் விலகினாலும் ஏறக்குறைய இதே படம்தான். எப்படிப் பிரிப்பது? மருத்துவர் பாதத்தை உள்பக்கமாகத் திருப்பச் சொல்வார். முழங்கால் நரம்பு மட்டும் கெட்டிருந்தால் அந்த அசைவு நன்றாக இருக்கும். இடுப்பிலேயே நரம்பின் வேர், அதாவது முதுகெலும்பை விட்டு நரம்பு கிளம்பும் இடம், மாட்டியிருந்தால் அதுவும் சோர்ந்திருக்கும். பெரிய கருவி எதுவும் இல்லை, ஒரு பாதத்தைத் திருப்புவதில் வேலை முடிந்துவிடுகிறது.

டிஸ்க் என்பது முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் மெத்தை. சவ்வு விலகிடுச்சு என்று சொல்கிறோமே, அது. மெத்தை பிதுங்கிப் பக்கத்தில் இறங்கும் நரம்பு வேரை அழுத்தும். காலில் தொல்லை தரும் பிதுக்கம் பெரும்பாலும் கீழ் முதுகின் கடைசி இரண்டு மெத்தைகளில்தான் வரும். ஒரு வேர் மாட்டினால் கெண்டைக்காலின் வெளிப்பக்கம் வழியாகப் பாதத்தின் மேற்புறமும் கட்டைவிரலும் மரக்கும், குதிகாலால் நடப்பது சிரமமாகும். அடுத்த வேர் மாட்டினால் கெண்டைக்காலின் பின்புறம், பாதத்தின் வெளி ஓரம், சுண்டுவிரல் மரக்கும், நுனிக்காலில் எழும்ப முடியாது. இருமினால், தும்மினால் மின்சாரம் பாய்வது போலக் காலுக்கு இறங்கும். பெரும்பாலோருக்கு 6 முதல் 12 வாரத்தில் அறுவை சிகிச்சை இல்லாமலே தேறிவிடுகிறது. வலி மாத்திரை, முடிந்த அளவு நடமாட்டம், வலி தணிந்ததும் உடற்பயிற்சி, இவ்வளவுதான் வைத்தியம். வாரக்கணக்கில் படுத்தே கிடக்கச் சொல்லும் காலம் போய்விட்டது. பலம் குறைந்துகொண்டே போனாலோ, வாரங்கள் கடந்தும் வலி விடவில்லை என்றாலோதான் அறுவை சிகிச்சைப் பேச்சு.

எம்.ஆர்.ஐ. அறிக்கையைப் படித்துக் கலங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. வலி எதுவும் இல்லாதவர்களைப் படம் எடுத்தாலும் பலருக்கு டிஸ்க் பிதுங்கித்தான் இருக்கும், வயது ஏற ஏறக் கூடுதலாக. படத்தில் பிதுங்கிய இடமும் தோலில் மரத்த இடமும் ஒத்துப்போகிறதா என்பதுதான் கேள்வி. பேனாக் கோட்டுக்கு இங்கேயும் வேலை இருக்கிறது.

இரண்டு பாதத்திலும் என்றால்

கதை மாறுகிறது. எங்கேயோ நசுங்கியதால் இரண்டு பாதமும் ஒரே மாதிரி, விரல் நுனியிலிருந்து மேலே மேலே மரப்பது அபூர்வம். சாக்ஸ் போடும் இடம் எதுவோ அங்கேயே மரமரப்பு உட்கார்ந்திருக்கிறது என்றால் நரம்புகளுக்கே ஊட்டம் கெட்டிருக்கிறது என்று அர்த்தம். ஏன் பாதத்தில் ஆரம்பிக்கிறது? கீழ் முதுகிலிருந்து கட்டைவிரல் வரை போகும் நரம்பிழை ஒன்றேதான், சுமார் 1 மீட்டர் நீளம். நடுவில் ஒட்டு எதுவும் கிடையாது. உணர்ச்சியைக் கொண்டுவரும் அந்த இழையின் உயிரணு முதுகெலும்பை ஒட்டி உட்கார்ந்திருக்கிறது. அங்கே தயாராகும் சரக்கு அவ்வளவு தூரம் பயணம் செய்து நுனிக்குப் போய்ச் சேர வேண்டும். வரத்து குறைந்தால் கடைமடைதான் முதலில் காயும். மரமரப்பு ஏறி முழங்காலை எட்டும் சமயத்தில் கைவிரல் நுனிகளிலும் ஆரம்பிக்கும், ஏனென்றால் அவைதான் அடுத்த நீளம்.

இப்படி வருவதற்கு முதல் காரணம் சர்க்கரை நோய். நோய் வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு ஏதாவது ஒரு கட்டத்தில் நரம்பு பாதிக்கப்படுகிறது. சிலருக்குச் சர்க்கரை இருப்பதே இந்த மரமரப்பைக் காட்டிப் பரிசோதிக்கும்போதுதான் தெரியவருகிறது.

என் பெரியப்பாவுக்கு நடந்ததைச் சொல்கிறேன். நடக்கும்போது ஒரு செருப்பு கழன்று பின்னால் கிடக்கும், அவர் பாட்டுக்குப் போய்க்கொண்டிருப்பார். கூப்பிட்டுச் சொன்னால், ‘அட, தெரியவே இல்லையே’ என்று சிரிப்பார். நாங்களும் சிரித்தோம். ஒரு வருடம் கழித்து, ஒருநாள் சாயங்காலம் ஷூவைக் கழற்றியபோது சாக்ஸில் ரத்தம். ஷூவுக்குள் ஒரு சின்னத் திருகாணி. காலையிலிருந்து அதன்மேலேயே நடந்திருக்கிறார். வலி என்ற காவல்காரன் எப்போதோ வேலையை விட்டுப் போயிருந்தான், அதைத்தான் நாங்கள் ஒரு வருடமாகச் சிரித்துக்கொண்டு பார்த்திருக்கிறோம். அந்தப் புண் ஆற மூன்று மாதம் ஆனது. விரல் தப்பியது.

மரமரப்பின் விஷமமே இதுதான். வலித்தால் இரவோடு இரவாக ஓடுவோம், மரத்தால் அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருப்போம். பாதத்தில் புண் வந்து, அது தெரியாமல் சீழ் பிடித்து எலும்புவரை போவதெல்லாம் அந்த அடுத்த வாரங்களில்தான். மருத்துவர்கள் இதற்கு ஓர் எளிய சோதனை வைத்திருக்கிறார்கள். 10 கிராம் அழுத்தத்தில் வளைந்துவிடும் ஒரு நைலான் இழையை உள்ளங்காலில் வைத்து அழுத்துவார்கள். அது தெரியவில்லை என்றால் பாதம் தன்னைக் காத்துக்கொள்ளும் நிலையில் இல்லை என்று பொருள். அதிரும் இசைக்கவையைக் கட்டைவிரல் எலும்பில் வைத்து அதிர்வு தெரிகிறதா என்றும் கேட்பார்கள். சர்க்கரை உள்ளவர்கள் வருடத்துக்கு ஒருமுறையாவது இதைக் கேட்டு வாங்கிச் செய்துகொள்ள வேண்டும். ரத்தத்தை மட்டும் பரிசோதித்துவிட்டு ஷூவைக்கூடக் கழற்றாமல் திரும்பி வருவது எனக்கு உடன்பாடில்லை.

சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தால் பலன் உண்டா? உண்டு, முக்கியமாகத் தடுப்பதில். 1993ல் முடிவு வெளியான ஒரு பெரிய ஆய்வில், முதல் வகைச் சர்க்கரை நோயாளிகளுக்குச் சர்க்கரையைக் கறாராகக் கட்டுப்படுத்தியபோது நரம்புப் பாதிப்பு சுமார் 60 சதவீதம் குறைந்தது. இரண்டாம் வகையில் பலன் அவ்வளவு இல்லை, ஆனாலும் உண்டு. ஏற்கெனவே போன உணர்ச்சி முழுசாகத் திரும்புவது கஷ்டம். மேற்கொண்டு போகாமல் நிறுத்துவதுதான் நடைமுறையில் நோக்கம்.

சர்க்கரை இல்லை என்றால் அடுத்து பி12 வைட்டமினைப் பார்ப்பார்கள். நரம்பின் காப்புறைக்கு அது அவசியம். விலங்கு உணவில்தான் இயற்கையாகக் கிடைக்கிறது. பால்கூடத் தொடாத சைவர்கள், வயிற்றில் அறுவை சிகிச்சை ஆனவர்கள், உணவிலிருந்து அதை உறிஞ்சும் திறன் குறைந்த வயதானவர்கள் ஆகியோருக்குக் குறையும். கல்லீரலில் வருடக்கணக்கில் இருப்பு இருக்கும் என்பதால் இன்றைய குறை என்றைக்கோ ஆரம்பித்திருக்கும். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் நெடுநாள் சாப்பிட்டாலும் குறையும், அமிலம் குறைக்கும் மாத்திரையை வருடக்கணக்கில் சாப்பிட்டாலும் குறையும். அதனால் ஒரு சர்க்கரை நோயாளியின் மரமரப்பை உடனே சர்க்கரையின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. ஓர் அடையாளம் உண்டு: முகம் கழுவக் கண்ணை மூடினால் தள்ளாட்டம், இருட்டில் நடந்தால் தடுமாற்றம். பாதம் தரையைச் சொல்லாததால் கண்தான் இவ்வளவு நாள் சமாளித்துக்கொண்டிருந்திருக்கிறது. ஊசியாகவோ மாத்திரையாகவோ பி12 கொடுத்தால் நன்றாகவே கேட்கும். தாமதித்தால் தண்டுவடமும் கெடும், அது முழுசாகத் திரும்பாமலும் போகலாம்.

ஆனால் ஒன்று. நரம்புச் சத்து மாத்திரை என்று வாங்கி வருடக்கணக்கில் விழுங்குபவர்கள் அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள். பல மாத்திரைகளில் பி6ம் சேர்ந்திருக்கும். பி6 அளவுக்கு மீறினால் அதுவே நரம்பைக் கெடுத்துக் காலை மரக்கவைக்கும். மருந்தே நோயாகும் இடம் இது, கடையில் கேட்டால் சொல்ல மாட்டார்கள்.

மற்றதெல்லாம் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். நெடுநாள் மது, தைராய்டு குறைவு, சிறுநீரகச் செயலிழப்பு, சில புற்றுநோய் மருந்துகள், காசநோய்க்கான ஐசோநயசிட் (அதோடு அளவான பி6 சேர்த்துக் கொடுப்பது இதனால்தான்). சிலருக்கு எல்லாச் சோதனையும் செய்தும் காரணம் கிடைப்பதில்லை. தோலில் வெளிறிய அல்லது சிவந்த தேமல், அதற்குள் தொட்டால் தெரியவில்லை என்றால் தொழுநோயா என்று பார்க்க வேண்டும். வெட்கப்பட்டு மறைக்க அதில் ஒன்றும் இல்லை. 6 முதல் 12 மாதம் கூட்டு மருந்து சாப்பிட்டால் கிருமி ஒழிந்துவிடும், முன்கூட்டியே போனால் நரம்பும் பிழைக்கும்.

நடந்தால் மட்டும் வருகிறது என்றால்

கொஞ்ச தூரம் நடந்ததும் கால் மரத்து, கனத்து, நிற்க வேண்டியிருக்கிறதா? எப்படி நின்றால் சரியாகிறது என்று கவனியுங்கள். சும்மா நின்றாலே இரண்டு மூன்று நிமிடத்தில் தெளிந்தால் ரத்தக்குழாய் அடைப்பு. புகை பிடிப்பவர்களுக்கும் சர்க்கரை உள்ளவர்களுக்கும் அதிகம். கையிலும் கணுக்காலிலும் ரத்த அழுத்தம் எடுத்து ஒப்பிடுவார்கள், கணுக்கால் அளவு கையினதில் 0.9 பங்குக்குக் கீழே இருந்தால் அடைப்பு என்று கணக்கு. நின்றால் போதாது, உட்கார வேண்டும் அல்லது முன்னால் குனிய வேண்டும் என்றால் முதுகெலும்புக் கால்வாய் குறுகியிருக்கிறது. இவர்களுக்குத் தள்ளுவண்டியைப் பிடித்துக் குனிந்து நடந்தால் எவ்வளவு தூரமும் போகலாம், நிமிர்ந்து நடந்தால்தான் வராது. குனியும்போது கால்வாய் அகலமாகிறது, அதுதான் சூட்சுமம்.

காத்திருக்கக் கூடாத நேரங்கள்

ஒரு பக்கம் முகம், கை, கால் திடீரென மரத்தாலோ, வாய் கோணினாலோ, பேச்சு குழறினாலோ அது பக்கவாதம். ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசிக்கு வழக்கமான கெடு நாலரை மணி நேரம். எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்பதைக் குறித்துக்கொண்டு கிளம்புங்கள்.

சைக்கிள் இருக்கையில் படும் இடம், அதாவது மலவாய், பிறப்புறுப்பு, உள்தொடை மரத்து, சிறுநீர் போவது தெரியாமலோ வராமலோ இருந்தால் முதுகின் அடியில் நரம்புக் கற்றை மொத்தமாக நசுங்குகிறது. அன்றைக்கே அறுவை சிகிச்சை தேவைப்படலாம். சொல்ல வெட்கப்பட்டு ஒரு நாள் தள்ளிப்போட்டு வாழ்நாள் முழுக்கச் சிறுநீர்க் குழாயோடு இருக்க நேரலாம்.

சளிக்காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்து ஒன்றிரண்டு வாரத்தில் இரண்டு கால்களும் மரத்து, பலம் குறைந்து, நாளுக்கு நாள் மேலே ஏறினால் கில்லன் பாரே நோயாக இருக்கலாம். மூச்சுத் தசை வரை போகும் என்பதால் மருத்துவமனையில்தான் இருக்க வேண்டும். ஒரு கால் திடீரென வெளுத்துச் சில்லிட்டு வலித்து மரத்தால் ரத்தக்குழாய் அடைத்திருக்கிறது, சில மணி நேரம்தான் அவகாசம்.

மருந்தும் பொறுமையும்

வைத்தியம் என்பது முதலில் காரணத்துக்குத்தான். அதற்கு மேல் எரிச்சலும் குத்தலும் தூங்க விடவில்லை என்றால் அமிட்ரிப்டிலின், டுலாக்செடின், ப்ரீகாபாலின், கேபாபென்டின் போன்ற மருந்துகளில் ஒன்றைக் குறைந்த அளவில் ஆரம்பித்து மெல்லக் கூட்டுவார்கள். இவை வலிக்கூச்சலை அடக்கும், உணர்ச்சியைத் திருப்பித் தராது. மாத்திரை சாப்பிட்டும் மரமரப்பு போகவில்லை என்று பலர் பாதியில் விடுவது இது புரியாததால்தான். தூக்கம், தலைசுற்றல் வரலாம், திடீரென்று நிறுத்தவும் கூடாது.

அறுந்த நரம்பிழை வளரும் வேகம் நாளுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர். முழங்காலில் அடிபட்டால் பாதத்துக்கு 40 சென்டிமீட்டர், அதாவது 400 நாள். உறை மட்டும் நசுங்கியிருந்தால் சில வாரம் போதும். எது என்று நரம்பு மின்கடத்தல் சோதனையில் ஓரளவு தெரியும்.

அதுவரை பாதத்துக்குக் காவல் நாம்தான். வெந்நீரின் சூட்டைப் பாதத்தால் பார்க்கக் கூடாது, முழங்கையால் பார்க்க வேண்டும். மரத்த காலில் வெந்நீர்ப் பை வேண்டவே வேண்டாம், கொப்புளம் வந்த பிறகுதான் சுட்டது தெரியும். வெறுங்காலோடு நடக்காதீர்கள். காய்ப்பை பிளேடால் சீவாதீர்கள். தினமும் ஒருமுறை உள்ளங்காலையும் விரலிடுக்கையும் பாருங்கள், குனிய முடியாவிட்டால் தரையில் ஒரு கண்ணாடி.

பெரியப்பா இப்போது ஷூவைக் கவிழ்த்து இரண்டு தட்டுத் தட்டுகிறார். அப்புறம் உள்ளே கையை விட்டு, விரல் நுனிவரை ஒரு தடவு. கையில் இன்னும் உணர்ச்சி இருக்கிறது.